பிளக் மரை போனால் ஹெட்டையே மாற்ற வேண்டுமா?

கல்முனைப் பக்கம் ஓடுகிற ஹீரோ ஹொண்டா 100 சிசி வண்டி. பிளக்கைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் பூட்டும்போது இறுகாமல் சும்மா சுற்றியிருக்கிறது. வெளியே எடுத்தால் பிளக்கின் மரையில் மெல்லிய அலுமினியச் சுருள் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. கராஜில் காட்டினால் "ஹெட் போயிட்டு, மாத்தணும்" என்கிறார்கள். ஹெட் என்பது பிளக் பூட்டப்படும், சிலிண்டரின் அலுமினிய மூடி. வீட்டிலேயே ஏதாவது செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஹெட்டைக் காப்பாற்ற முடியுமா என்பது ஒன்று. ஹெட்டைக் கழற்றாமல் அதைச் செய்ய முடியுமா என்பது மற்றது. முதலாவதற்குப் பதில், ஹெட் வெடித்திருக்காவிட்டால், முடியும். இரண்டாவது, மரை எந்த அளவு போயிருக்கிறது, என்ன சைஸ் பிளக், கையில் என்ன சாமான் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

முதலில் மரை உண்மையிலேயே போயிருக்கிறதா என்று பாருங்கள். பிளக் உள்ளே போகாமல் பாதியில் சிக்குவதும் பிளக் இறுகாமல் சுற்றுவதும் வேறு வேறு கோளாறுகள். பாதியில் சிக்குகிற வண்டிகளில் பலவற்றுக்கு மரை சேதமே இல்லை. முன்பு யாரோ கட்டைப் பிளக்கைப் பூட்டி ஓட்டியிருப்பார்கள். 19 மில்லிமீற்றர் நீள மரை வேண்டிய ஹெட்டில் 12.7 மில்லிமீற்றர் பிளக்கைப் போட்டால், உள்ளே மிச்சமுள்ள 6 மில்லிமீற்றர் மரையில் கரி இறுகிக் கல்லாகிவிடும். பிறகு சரியான பிளக்கைப் பூட்டப் போகிறவர் அது போகவில்லை என்று பிளக் சாவியைப் போட்டுத் திருகுவார். மரை போவது அப்போதுதான். இதற்கு மாறாக, கட்டை ஹெட்டில் நீளப் பிளக்கைப் போட்டால் மரை எரிதளத்துக்குள், அதாவது பெற்றோல் எரியும் இடத்துக்குள், நீட்டிக்கொண்டு நிற்கும், அதில் கரி பிடிக்கும், கழற்றும்போது அந்தக் கரி ஹெட்டின் மரையை உரித்துக்கொண்டு வரும். பிஸ்டன் தட்டினால் அது வேறு செலவு.

உங்கள் வண்டியின் எஞ்சினுக்கு, பிளக் செய்யும் என்ஜிகே நிறுவனத்தின் கணக்கில் சி7எச்எஸ்ஏ வகைப் பிளக். முன்னெழுத்து சி என்றால் 10 மில்லிமீற்றர் மரை, டி என்றால் 12, பி என்றால் 14. இலக்கத்துக்குப் பின்னால் வரும் எச் 12.7 மில்லிமீற்றர் நீளத்தையும், ஈ 19 மில்லிமீற்றர் நீளத்தையும் குறிக்கும். மரையின் இடைவெளி 10 மில்லிமீற்றர் பிளக்குக்கு 1.0, மற்ற இரண்டுக்கும் 1.25. சந்தேகமென்றால் அடிமட்டத்தைப் பிளக்கின் மரையில் வைத்து எண்ணுங்கள். 10 மில்லிமீற்றருக்குள் பத்து வரி வந்தால் இடைவெளி 1.0, எட்டு வரி வந்தால் 1.25. இதைப் பார்க்காமல் டெப், அதாவது மரை வெட்டும் கருவி, வாங்கப் போக வேண்டாம். கடையில் "பத்து எம்எம் டெப்" என்று கேட்டால் சாதாரண போல்ட்டுக்கான 1.5 இடைவெளி டெப்பைத் தூக்கிக் கொடுப்பார்கள். அதை ஒரு சுற்று விட்டாலே மிச்சமிருக்கிற மரையும் முடிந்தது.

அடுத்து எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். துவாரத்தைச் சுற்றியுள்ள மண்ணையும் தூசியையும் ஊதித் துடைத்துவிட்டு டோர்ச் அடித்துப் பாருங்கள். பிறகு நல்ல பிளக் ஒன்றைக் கையால் மட்டும் பூட்டுங்கள். பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் ஒரு சாண் நீளப் பெற்றோல் ஹோஸ் துண்டை மாட்டி, அந்த ஹோஸைப் பிடித்துத் திருகுவது நல்ல பழக்கம். மரை பிசகினால் ஹோஸ்தான் வழுக்கும், ஹெட்டுக்கு ஒன்றும் ஆகாது. முதலில் இடப்பக்கம் திருப்புங்கள். ஒரு இடத்தில் பிளக் 'டக்' என்று அரை மில்லிமீற்றர் இறங்கும். அதுதான் மரையின் வாய், அங்கிருந்து வலப்பக்கம் திருப்புங்கள். 12.7 மில்லிமீற்றர் ஹெட்டில் கையாலேயே பத்துச் சுற்றுக்கு மேல் வர வேண்டும். முதல் இரண்டு மூன்று சுற்று மட்டும் தளதளவென்று ஆடி, பிறகு பிடித்தால் வாய்மரைதான் கெட்டிருக்கிறது. கடைசிவரை பிடிப்பே இல்லாவிட்டால் முழுவதும் போயிற்று. பிளக்கில் ஒட்டி வந்த அலுமினியச் சுருளையும் வீசாமல் எண்ணிப் பாருங்கள். இரண்டு மூன்று சுற்று என்றால் உள்ளே நல்ல மரை நிற்கலாம். எட்டு, பத்துச் சுற்று வந்திருந்தால் புதிய மரை இல்லாமல் வேலை நடக்காது.

வாய்மரை மட்டும் கெட்டிருந்தால் டெப் கூடத் தேவையில்லை. அதே சைஸ் பழைய பிளக் ஒன்றை எடுத்து, மரையின் குறுக்கே நீளவாக்கில் மூன்று இடத்தில் ஹெக்சோ பிளேட்டால் பள்ளம் வெட்டுங்கள். பள்ளம் மரையின் அடியைத் தாண்டி உருக்கில் சற்று இறங்க வேண்டும். முக்கோண அரத்தால் ஓரங்களின் பிசிறை எடுத்து, நுனியில் வளைந்து நிற்கும் எலக்ட்ரோடையும் வெட்டிவிடுங்கள். பள்ளங்களை கிரீஸால் நிரப்பி, சொன்னபடி வாயைக் கண்டுபிடித்து, கையால் மெல்ல இறக்குங்கள். அரைச் சுற்று முன்னுக்கு, கால் சுற்றுப் பின்னுக்கு. இரண்டு சுற்றுக்கு ஒருமுறை முழுவதும் வெளியே எடுத்துத் துடைத்து, புது கிரீஸ் வைத்துத் திரும்ப இறக்குங்கள். உருக்குப் பிளக் அலுமினியத்தை வெட்டாமல், நசுங்கிய மரையை நிமிர்த்தியும் கரியைச் சுரண்டியும் எடுக்கும். சாதாரண டெப்பைவிட இந்த வேலைக்கு இது பாதுகாப்பானது, ஏனென்றால் டெப்புக்குப் பழைய மரை எது, புது மரை எது என்று தெரியாது. கொஞ்சம் சரிந்தாலும் தன் வழியில் வெட்டிக்கொண்டு போகும். சுத்தம் செய்த பிறகு மொத்த மரையில் மூன்றில் இரண்டு பங்காவது நல்லபடி பிடித்தால் அப்படியே ஓட்டலாம் என்பது என் கணிப்பு. அதற்குக் குறைவென்றால் ஓட்டாதீர்கள்.

ஏன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. சிறிய பெற்றோல் எஞ்சினில் எரியும் வேளையில் சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை 50 பார் என்று வைத்தால், 10 மில்லிமீற்றர் பிளக்கை வெளியே தள்ளும் விசை ஏறத்தாழ 40 கிலோ. 6000 ஆர்பிஎம்மில் அது நிமிடத்துக்கு 3000 தடவை நடக்கிறது. ஆனால் அதைவிடப் பெரிய சுமை நாம் சாவியால் கொடுப்பதுதான். 10 மில்லிமீற்றர் பிளக்கை விதித்தபடி 10 முதல் 12 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கினாலே மரையில் உத்தேசமாக 500, 600 கிலோ இழுவை விழுகிறது. ஆகவே மரை பெரும்பாலும் ஓட்டத்தில் போவதில்லை, சாவியில்தான் போகிறது. "இன்னும் கொஞ்சம்" என்று நீளச் சாவியில் தொங்குகிற கைதான் காரணம். அரைகுறை மரையில் தளர்வாகப் பூட்டி ஓட்டலாம் என்பதும் சரிவராது. வோஷர் நசுங்கி உட்காராவிட்டால் காற்றுக் கசியும். பிளக்கின் சூட்டில் பெரும்பங்கு மரை வழியாகவும் வோஷர் வழியாகவும்தான் ஹெட்டுக்குப் போகிறது. அந்த வழி அடைபட்டால் பிளக் நுனி அளவுக்கு மீறிக் காய்ந்து, தீப்பொறி வருமுன்னே பெற்றோலைப் பற்றவைக்கும். பிஸ்டன் உருகுவதற்கு அது போதும்.

இதே காரணத்தால் சில கைவைத்தியங்களை முதலிலேயே தள்ளிவிடுகிறேன். டெஃப்லோன் டேப் சுற்றுவது, செப்புக் கம்பியை மரையில் சுற்றித் திருகுவது, இரட்டைக் குழாய்ப் பசையைப் பூசிப் பிளக்கை ஒட்டுவது, எல்லாமே வீண். பசை காய்ந்த பிறகு ஓரிரு நாள் ஓடும். பிறகு சடார் என்று பிளக் பறக்கும், கூடவே மிச்ச மரையும் போகும். அடுத்து பழுதுபார்க்கிறவருக்கு அந்தப் பசையைச் சுரண்டி எடுப்பதே அரை நாள் வேலை.

முழு மரையும் போனால் வழி இரண்டு: கம்பிச்சுருள் இன்சேர்ட், அல்லது கொலர் வைத்த புஷ். புஷ் என்பது உள்ளும் புறமும் மரை வெட்டிய உலோகக் குழாய், கொலர் அதன் மேல்விளிம்பு. கம்பிச்சுருளை நம்மூரில் எல்லாரும் ஹெலிகொயில் என்றே சொல்கிறார்கள். பழைய துவாரத்தைப் பெருப்பித்து, அதற்கென்றே உள்ள பெரிய டெப்பால் மரை வெட்டி, அதற்குள் உருக்குக் கம்பிச்சுருளைச் சுற்றி இறக்கினால் சுருளின் உட்புறம் பழைய சைஸ் மரையாக இருக்கும். 10க்கு 1.0 மரைக்கு (விட்டம் 10, இடைவெளி 1.0) அந்த டெப்பின் வெளிவிட்டம் ஏறத்தாழ 11.3, 14க்கு 1.25 மரைக்கு ஏறத்தாழ 15.6 மில்லிமீற்றர். இவை வேறு எந்த போல்ட்டுக்கும் பொருந்தாத அளவுகள். ஆகவே டெப்பும் சுருளும் ஒரே பெட்டியில் வரும் கிட்டைத்தான் வாங்க வேண்டும். 14 மில்லிமீற்றர் பிளக் கிட்டுகளில் பலவற்றில் டெப்பின் முன்பகுதி பழைய துவாரத்தில் வழிகாட்டியாக இறங்கும்படி மெலிதாக இருக்கும். ட்ரில் போடவே வேண்டாம், நேராகவும் போகும். தண்ணீர் பம்ப், புல் வெட்டும் மெஷின், வாவியில் ஓடும் சிறிய அவுட்போர்ட் எஞ்சின்களில் பெரும்பாலும் 14 மில்லிமீற்றர் பிளக்தான். அவற்றுக்கு வீட்டில் செய்ய ஏற்றது இந்த முறை. 10 மில்லிமீற்றர் கிட் மட்டக்களப்பிலோ கல்முனையிலோ கடையில் உடனே கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். கொழும்புக்குப் போகிறவரிடம் சொல்லி, வாகன உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் தேடச் சொல்லலாம், இல்லை இணையத்தில் ஓடர் பண்ணலாம். வாங்கும்போது சுருளின் நீளத்தையும் பாருங்கள். 12.7 மில்லிமீற்றர் ஹெட்டில் 19 மில்லிமீற்றர் சுருளை விட்டால் அதன் வால் எரிதளத்துக்குள் தொங்கும். அந்த மெல்லிய கம்பி செக்கச் சிவக்கக் காய்ந்து தீ மூட்டும்.

ஹெட்டைக் கழற்றாமல் இதைச் செய்வதானால், முழுக் கவனமும் வெட்டுத்தூளில் இருக்க வேண்டும். அலுமினியத் தூள் மென்மையானது, பெரும்பகுதி புகைக்குழாய் வழியாக வெளியேறும் என்று சொல்லிச் சமாதானப்படுவார்கள். ஓரளவு உண்மைதான். ஆனால் ஒரு துணுக்கு வால்வுக்கும் சீட்டுக்கும் நடுவே அகப்பட்டால் கொம்பிரஷன் போய்விடும், சிலிண்டர் சுவரில் சிக்கினால் கீறல் விழும். காந்தத்தை நம்பாதீர்கள். அலுமினியத்தைக் காந்தம் இழுக்காது. சுருள் கம்பி ஸ்டெயின்லஸ் என்பதால் அதையும் சரியாக இழுக்காது.

ஆகவே வேலை இந்த ஒழுங்கில் போக வேண்டும். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பெற்றோல் டெப்பை மூடி, பக்கத்தில் நெருப்பில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்தது பிஸ்டனின் நிலை. டெப்பின் நுனி எரிதளத்துக்குள் ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் நீட்டும், அதனால் பிஸ்டன் மேலே நிற்கக் கூடாது. வால்வுகள் திறந்து நின்றால் அவற்றையும் டெப் தட்டலாம். எனவே இரண்டு வால்வும் மூடியிருக்கும் கொம்பிரஷன் உச்சிக்கு (பிஸ்டன் காற்றை அழுத்தி மேலே வந்து நிற்கும் நிலை) கொண்டுவந்து, அங்கிருந்து எஞ்சினை ஏறத்தாழக் கால் சுற்றுத் திருப்புங்கள். பிஸ்டன் பாதி இறங்கியிருக்கும், வால்வுகள் இன்னும் மூடியே இருக்கும். உறுதிப்படுத்தத் தடித்த தென்னை ஈர்க்கு ஒன்றைத் துவாரத்தில் விட்டுப் பாருங்கள். எவ்வளவு ஆழம் போகிறது என்று ஈர்க்கில் நகத்தால் கீறி, அதை டெப்போடு பக்கத்தில் பிடித்து ஒப்பிடுங்கள். ஈர்க்கு பச்சையாக இருக்கட்டும், காய்ந்தது உள்ளே முறியும். பிறகு கியரில் போட்டு வண்டி உருளாமல் முட்டுக்கொடுங்கள்.

டெப்பின் பள்ளங்களில் கட்டியான கிரீஸ் நிரப்பி, ஹெட்டின் முகத்துக்குச் செங்குத்தாக இறக்குங்கள். முதல் இரண்டு சுற்றுத்தான் மரையின் தலையெழுத்து. ஒரு பாகை சரிந்தாலும் வோஷர் ஒரு பக்கம் மட்டும் உட்காரும். அரைச் சுற்று வெட்டி, கால் சுற்றுப் பின்வாங்கி, இரண்டு சுற்றுக்கு ஒருமுறை டெப்பை முழுவதும் வெளியே எடுத்துத் தூளோடு கிரீஸைத் துடைத்து, புது கிரீஸ் வைத்துத் தொடருங்கள். பத்துத் தடவை எடுத்துத் துடைக்க அலுப்பாகத்தான் இருக்கும், ஆனால் இதில் சோம்பினால் ஹெட்டைக் கழற்றுவதில் முடியும். வெட்டி முடிந்ததும் வாக்யூம் கிளீனர் குழாய் நுனியில் மெல்லிய ஹோஸைக் கட்டி உறிஞ்சுங்கள். உங்கள் வண்டிக்கு ஒரு வசதி இருக்கிறது. சிலிண்டர் படுத்தபடி நிற்கிறது, பிளக் பக்கவாட்டில். பெற்றோலை இறக்கிவிட்டு, இரண்டு பேர் பிடித்து வண்டியைப் பிளக் பக்கமாகச் சாய்த்தால் துவாரம் கீழ்நோக்கும், விழுந்த தூள் தானாக வாய்க்கு வரும். கைபேசியில் மாட்டும் 5.5 மில்லிமீற்றர் எண்டோஸ்கோப் கமராவும் இந்தத் துவாரத்துக்குள் தாராளமாகப் போகும். யாரிடமாவது இருந்தால் வாங்கிப் பாருங்கள்.

சுருளை இறக்கும்போது கருவியை அழுத்தாமல் சும்மா திருப்புங்கள், தானாக இறங்கும். அழுத்தினால் சுருள் ஒரு மரையைத் தாண்டி அடுத்ததில் ஏறிவிடும். மேல்நுனி வோஷர் உட்காரும் முகத்துக்கு அரைச் சுற்று முதல் ஒரு சுற்றுவரை கீழே நிற்க வேண்டும். கீழே குறுக்காக நிற்கும் சிறு நாக்கை மெல்லிய மூக்குக் குறட்டால் இறுகப் பிடித்து மேலும் கீழும் ஆட்டி முறித்து, குறட்டை விடாமலே வெளியே எடுங்கள். முறிந்த நாக்கு உங்கள் உள்ளங்கையில் கிடக்கிறதா என்று பார்க்காமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். போல்ட் துவாரங்களில் செய்வதுபோலக் கம்பியால் தட்டி முறித்தால் அது நேரே சிலிண்டருக்குள் விழும். அலுமினியம் போலல்ல, அந்தத் துண்டு பிஸ்டனைக் குத்திக் கெடுக்கும்.

எல்லாம் சுத்தம் என்று தோன்றியதும், பிளக் இல்லாமல் பத்துப் பதினைந்து கிக் அடித்து உள்ளே மிஞ்சியதை ஊதவிடுங்கள். இக்னிஷன் ஓஃப். பிளக் கேப்பை வெறுமனே தொங்கவிடாமல் பழைய பிளக் ஒன்றை மாட்டி, துவாரத்திலிருந்து தள்ளி எஞ்சின் உடம்பில் தொடவைத்துக் கட்டுங்கள். முகத்தைத் துவாரத்துக்கு நேரே கொண்டுபோக வேண்டாம்.

கிட் கிடைக்காவிட்டால் புஷ். அதற்கு ஹெட்டைக் கழற்றி லேத்துக்குக் கொண்டுபோக வேண்டும். வண்டி உங்கள் சொந்த ஓட்டத்துக்கு, இன்னும் பல வருடம் வைத்திருப்பீர்கள் என்றால், கிட் கிடைத்தாலும் நான் இதையே சொல்வேன். 10 மில்லிமீற்றர் துவாரத்தில் கம்பிச்சுருள் நிற்கும்தான். ஆனால் வருடக்கணக்கில் கழற்றிப் பூட்டும்போது பிளக்கோடு சுருளும் சேர்ந்து வெளியே வருவது உண்டு. எந்த வண்டியில் வரும், எதில் வராது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. கொலர் வைத்த புஷ் சரியாகச் செய்யப்பட்டால் பழைய அலுமினிய மரையைவிட உறுதி.

லேத்தில் இருக்கிற அண்ணனிடமோ காக்காவிடமோ "புஷ் அடிச்சுத் தாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். அளவைத் தாளில் எழுதிக் கொடுங்கள். உள்மரை 10க்கு 1.0 என்றால் வெளிமரை 14க்கு 1.25 வையுங்கள். 12க்கு 1.25 வெளிமரை வைத்தால் இரண்டு மரைகளுக்கும் நடுவே கால் மில்லிமீற்றர் உலோகம் கூட நிற்காது, இறுக்கும்போதே கிழியும். 14க்கு 1.25 டெப் எல்லா லேத்திலும் இருக்கும், அதற்கு ட்ரில் 12.8. 14 மில்லிமீற்றர் பிளக்குக்கு இதே கணக்கில் வெளிமரை 18க்கு 1.5, ட்ரில் 16.5. கொலர் 1.5 மில்லிமீற்றர் தடிப்பு போதும். ஆனால் அதே 1.5 மில்லிமீற்றரை ஹெட்டின் முகத்தில் பள்ளமாகக் குடைந்து, கொலர் முகத்தோடு முகமாக உட்கார வேண்டும். இதைத்தான் அவசரத்தில் விட்டுவிடுவார்கள். குடையாவிட்டால் பிளக் 1.5 மில்லிமீற்றர் வெளியே தள்ளி நிற்கும், தீப்பொறி குகைக்குள் விழும், உள்மரையில் கரி பிடிக்கும், சில வருடத்தில் இதே கதை. புஷ்ஷின் அடி எரிதளத்துக்குள் நீட்டக் கூடாது. அரை மில்லிமீற்றர் உள்ளே நின்றால் பரவாயில்லை. ஹெட் வெளியே இருப்பதால் இப்போது மரை வெட்ட கிரீஸ் வேண்டாம், மண்ணெண்ணெய் ஊற்றி வெட்டினால் அலுமினியம் டெப்பில் ஒட்டாமல் சுத்தமாக வரும்.

புஷ்ஷுக்கு உருக்கா பித்தளையா என்பதில் லேத்காரரிடையே ஒருமித்த கருத்து இல்லை. சூட்டில் அலுமினியம் விரிவதில் உருக்கு ஏறத்தாழப் பாதியளவே விரியும், பித்தளை அலுமினியத்துக்குக் கிட்ட வரும். அந்தக் கணக்கில் பித்தளை ஹெட்டில் இறுகி நிற்கும். ஆனால் அதன் மரை மென்மை, உருக்குப் பிளக் அடிக்கடி ஏறி இறங்கினால் தேயும். கடையில் செய்து விற்கும் தரமான பிளக் இன்சேர்ட்டுகள் பெரும்பாலும் உருக்கு. உருக்கையே நான் தெரிவு செய்வேன், வெளிமரைக்கு அதிசூட்டு வகை லொக்டைட் என்ற மரைப் பசை பூசி. சாதாரண சிவப்பு வகை 150 பாகை அளவுக்குத்தான் தாங்கும், காற்றால் குளிரும் ஹெட்டில் பிளக் பக்கத்துச் சூடு அதைத் தாண்டும். கொலரின் ஓரத்தில் இரண்டு இடத்தில் பஞ்ச் வைத்து அலுமினியத்தைப் புடைத்துப் பூட்டச் சொல்லுங்கள். அது லொக்டைட்டைவிட நம்பகம்.

துவாரத்தைப் பெருப்பிக்குமுன் ஹெட்டைக் கவிழ்த்து, பிளக் துவாரத்துக்கும் வால்வு சீட்டுகளுக்கும் நடுவில் எவ்வளவு உலோகம் இருக்கிறது என்று பாருங்கள். 14க்குப் பெருப்பித்தால் ஒவ்வொரு பக்கமும் 2 மில்லிமீற்றர் போகும். சீட்டின் விளிம்பை வெட்டும் என்று கண்டால் புஷ்ஷை விட்டுவிட்டுக் கம்பிச்சுருளுக்குப் போங்கள். அந்த இடத்தில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு பக்கம் மண்ணெண்ணெய் தடவி, மறுபக்கம் சோக்குத் தூள் பூசி அரை மணி வைத்தால், வெடிப்பு இருந்தால் சோக்கில் ஈரக் கோடு தெரியும். வெடித்த ஹெட்டுக்கு மட்டும் கராஜ்காரர் சொன்னது சரி, மாற்றத்தான் வேண்டும். ஆர்கன் வெல்டிங்கால் அடைத்து மரை வெட்டலாம் என்பார்கள். செய்யலாம், ஆனால் அந்தச் சூட்டில் ஹெட்டின் முகமும் வால்வு சீட்டும் நெளியக்கூடும். மீண்டும் மட்டம் பார்த்து, வால்வு அரைத்து எடுக்கும் செலவில் பழைய நல்ல ஹெட் ஒன்றை வாங்கிவிடலாம்.

ஹெட்டைக் கழற்றுவதை இதுவரை செய்யாதவர் என்றால் அதை மட்டும் தெரிந்தவரை வைத்துச் செய்யுங்கள். டைமிங் குறிகளைக் கைபேசியில் படமெடுத்துக்கொள்வது, செயின் உள்ளே விழாமல் கம்பியால் கட்டுவது, நட்டுகளைக் குறுக்காகச் சிறிது சிறிதாக இறுக்குவது, புது ஹெட் கேஸ்கட், கடைசியில் வால்வுகளின் டெப்பட் இடைவெளி பார்ப்பது. ஒன்று பிசகினாலும் மரை பிரச்சினையைவிடப் பெரிய பிரச்சினை வரும்.

இனிப் பிளக்கைப் பூட்டுவது. புதுப் பிளக், வோஷரும் புதுசு. மரையில் எண்ணெயோ கிரீஸோ பூச வேண்டாம். கடற்கரை வண்டிகளுக்கு, கல்லடியிலிருந்து பொத்துவில் வரை, உப்புக்காற்றில் பிளக் ஹெட்டோடு பிடித்துக்கொள்வது உண்மைதான். அதற்காகச் செப்பு கிரீஸ் பூசுகிறவர்கள் உண்டு. ஆனால் என்ஜிகே நிறுவனம் அது தேவையில்லை என்கிறது, ஏனென்றால் பிளக்கின் மரைக்கு ஏற்கனவே பூச்சு இருக்கிறது. வழுக்கும் மரையில் அதே சாவி விசைக்கு இழுவை மூன்றில் ஒரு பங்குவரை கூடிவிடலாம். கட்டாயம் பூசுவதென்றால் ஊசிமுனை அளவு, நடு மரையில் மட்டும், இறுக்குவதையும் அந்தளவுக்குக் குறைத்து. பிடிக்காமல் காக்க இதைவிட நல்ல வழி, வருடம் ஒருமுறை மாரிக்கு முன் எஞ்சின் ஆறியிருக்கும்போது பிளக்கைக் கழற்றித் திரும்பப் பூட்டுவது. கழற்றுமுன் பிளக் குழியை ஊதுங்கள். சம்மாந்துறை, அக்கரைப்பற்று வயல் பாதையில் அறுவடைக் காலத்தில் ஓடும் வண்டியில் அந்தக் குழியில் நிற்பது நெல்தூசியும் மணலும். அது மரைக்குள் விழுந்தால் அரம் போல வேலை செய்யும்.

டோர்க் ரென்ச் இருந்தால் 10 மில்லிமீற்றர் பிளக்குக்கு 10 முதல் 12, 12 மில்லிமீற்றருக்கு 15 முதல் 20, 14 மில்லிமீற்றருக்கு 25 முதல் 30 நியூட்டன் மீற்றர். இல்லையென்றால் கையால் வோஷர் தொடும்வரை திருகி, சாவியால் அரைச் சுற்று. ஏற்கனவே நசுங்கிய வோஷர் என்றால் பன்னிரண்டில் ஒரு சுற்று மட்டும், மணிக்கூட்டில் ஒரு மணியிலிருந்து இரண்டுக்குப் போகிற தூரம். சாவியின் பிடி 15 சென்ரிமீற்றர் என்றால் அதன் நுனியில் 7, 8 கிலோ இழுவைதான் 10 மில்லிமீற்றர் பிளக்குக்கு மொத்தமும். ஒரு கையின் இரண்டு விரலே போதும்.

பூட்டியதும், எஞ்சின் சூடாகுமுன், பிளக் அடியைச் சுற்றிச் சவர்க்காரத் தண்ணீர் விட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். நுரை கொப்பளித்தால் வோஷர் சரியாக உட்காரவில்லை, அல்லது புஷ்ஷின் வெளிமரை வழியாகக் கசிகிறது. கொப்பளிக்காவிட்டால் பத்து நிமிடம் ஊருக்குள் ஓட்டி, முழுவதும் ஆறவிட்டு, பிளக்கை ஒருமுறை கழற்றுங்கள். இன்சேர்ட் அசையாமல் பிளக் மட்டும் வந்தால் திரும்பப் பூட்டி வழக்கம்போல ஓட்டலாம். புஷ்ஷும் சேர்ந்து சுழன்றால் அன்றைக்கே லேத்துக்குத் திரும்பக் கொண்டுபோய்க் கொலர் ஓரத்தைப் பஞ்ச் அடித்து வாங்குங்கள். ஓடி ஓடித் தானாக இறுகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.